ஸோகலோவில் ஏன் மரங்கள் இல்லை? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நகரச் சதுக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் மெக்ஸிகோ சிட்டியின் ஸோகலோவுக்கு மட்டும் தனி இடம் கொடுத்திருந்தீர்கள். நான் கட்டடக்கலை மாணவி. படித்த கையோடு அந்தச் சதுக்கத்தின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு கொடிக்கம்பம், சுற்றிலும் கல் பாவிய வெட்டவெளி, அவ்வளவுதான். ஒரு மரம் இல்லை, உட்கார ஒரு பெஞ்சு இல்லை. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே, வெயில் சுள்ளென்று அடிக்கும் ஒரு நகரத்தில் இப்படி ஒரு இடத்தை யாருக்காக வைத்திருக்கிறார்கள்? நல்ல சதுக்கத்துக்கு எங்கள் பாடங்கள் சொல்லும் இலக்கணம் எதுவுமே அங்கே இல்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. ஒரு நகரத்தை அழித்து, கோயில்களை இடித்து, அதன்மேல் வெற்றியாளர்கள் போட்ட மைதானம் அது. அதிகாரம் தன்னைக் காட்டிக்கொள்ள உண்டாக்கிய இடத்தை மக்களின் இடம் என்று கொண்டாடலாமா?

பழைய படம் ஒன்றில் அங்கே அடர்த்தியாக மரங்கள் தெரிந்தன. அவற்றை ஏன் வெட்டினார்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் ஏமாற்றம் நியாயமானதுதான். அழகை மட்டும் பார்த்தால் ஸோகலோவைவிட நல்ல சதுக்கங்கள் எத்தனையோ உண்டு. எனக்கு அந்த இடத்தின்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் அதன் வரலாறு. ஐந்நூறு வருடங்களாக ஒவ்வொரு ஆட்சியும் அந்த வெளியின் நடுவில் எதையாவது கொண்டுவந்து வைத்துப் பார்த்திருக்கிறது. கல்லால் கட்டிய சந்தை, வெண்கல ராஜா, வெற்றித் தூண், பூங்கா என்று எல்லாம் வந்தன. எதுவும் நிலைக்கவில்லை. அந்தக் கதைக்குள்ளேயே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அது வெற்றியாளர்கள் போட்ட மைதானம் என்பது பாதி உண்மைதான். 1325-ல் உருவானதாக மரபு சொல்லும் தெனோச்தித்லான், ஆஸ்டெக் மக்களின் தலைநகரம், டெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் இருந்தது. அதன் மையத்தில் மதில் சூழ்ந்த கோயில் வளாகம் இருந்தது. அந்த வளாகத்துக்குத் தெற்கே அப்போதே ஒரு திறந்தவெளி இருந்தது. அதன் கிழக்கே ஆஸ்டெக் மன்னர் மொக்தெசூமாவின் அரண்மனை, மேற்கே அவருடைய தந்தை ஆஷயாகாத்லின் பழைய அரண்மனை. 1521 ஆகஸ்ட் 13-ஆம் தேதி கோர்தேஸ் தலைமையில் வந்த ஸ்பானியர்களிடம் நகரம் வீழ்ந்தது. அப்புறம் கோர்தேஸின் ஆளான அலோன்சோ கார்சியா பிராவோ புதிய நகரத்துக்குத் தெருக்கோடு போட்டபோது, பழைய நகரத்தின் சாலைகளையும் இந்த வெளியையும் ஒட்டித்தான் போட்டார். மொக்தெசூமாவின் அரண்மனை இருந்த இடம் கோர்தேஸின் வீடானது. 1562-ல் ஸ்பானிய மன்னர் அதை வாங்கினார், அது வைஸ்ராயின் மாளிகையானது. இன்று அதே இடத்தில் தேசிய மாளிகை நிற்கிறது. ஆட்சி மாளிகை நிற்கும் திசை 1562-லிருந்து இன்றுவரை மாறவே இல்லை.

ஸ்பானிய அமெரிக்க நகரங்களின் சதுக்கங்களுக்கு அளவு சொன்ன, மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் புகழ்பெற்ற ஆணைகளை உங்கள் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். சதுக்கத்தின் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், ஏனென்றால் குதிரைகளோடு நடக்கும் திருவிழாக்களுக்கு அதுதான் தோது. சுற்றிலும் வியாபாரிகளுக்காகத் தூண் தாழ்வாரம் வேண்டும். சதுக்கத்தை ஒட்டிய மனைகளைத் தனியாருக்குக் கொடுக்கக்கூடாது. இப்படியெல்லாம் சொல்லும் அந்த ஆணைகள் வந்தது 1573-ல். மெக்ஸிகோவின் சதுக்கம் உருவாகி ஐம்பது வருடம் ஆன பிறகு. அந்த மாதிரியில் பாதி ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றால், மீதி தெனோச்தித்லானில் ஸ்பானியர்கள் கண்ணால் பார்த்த ஒழுங்கிலிருந்து வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. கோயில்களை இடித்தார்கள், அந்தக் கற்களைக் கொண்டே புதிய நகரத்தைக் கட்டினார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்த வெளியை அவர்கள் உண்டாக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டவர்களால் அதைத் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடிந்ததா என்று பாருங்கள்.

வரைபடங்களில் வருவதுபோல் சுத்தமான சதுரமாக அந்தச் சதுக்கத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் அது ஒரு பெரிய சந்தை. தெற்கு ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடியது. சால்கோ, ஷோச்சிமில்கோ பக்கத்து விளைச்சல் அதில் படகு படகாக வந்து இறங்கும். வைஸ்ராயின் ஜன்னலுக்கு எதிரே மரத்தட்டிகளாலும் ஓலையாலும் போட்ட கடைகள். நகரசபைக்கு அந்தக் கடைகளின் வாடகை நல்ல வருமானம், ஆகவே அதிகாரிகள் முகம் சுளித்தாலும் கடைகள் பெருகிக்கொண்டே போயின.

1691-ல் கனமழை, வெள்ளம், அப்புறம் கோதுமைப் பயிரில் நோய். மக்காச்சோளத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. 1692 ஜூன் மாதம் தானியக் கிடங்கின் முன்னால் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். 8-ஆம் தேதி அந்த நெரிசலில் ஒரு பூர்வகுடிப் பெண் அடிபட்டு விழுந்தார். அவர் இறந்துவிட்டார் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு முதலில் பேராயரிடம் போனார்கள், பிறகு வைஸ்ராய் மாளிகைக்கு. வைஸ்ராய் அங்கே இல்லை. கல்லெறி தொடங்கியது. சாயங்காலத்துக்குள் சந்தையின் மரக்கடைகள் பற்றி எரிந்தன. கடைகளின் தட்டிகளையே எடுத்துக்கொண்டுபோய் மாளிகைக் கதவுகளுக்குத் தீ வைத்தார்கள். நகரசபைக் கட்டடமும் எரிந்தது. கார்லோஸ் தே சிகுவென்சா இ கொங்கோரா என்ற பேரறிஞர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தீக்குள் புகுந்து நகரத்தின் ஆவணங்களில் முடிந்ததைக் காப்பாற்றினார். இன்று நாம் அந்த நகரத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு பகுதி அந்த இரவில் அவர் தூக்கி வெளியே போட்ட கட்டுகளால்தான். அதே மனிதர் அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் பசித்த மக்களின்மேல் துளி இரக்கம் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு ஓவியத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் கழித்து, 1695-ல் கிறிஸ்தோபால் தே வில்யால்பாந்தோ வரைந்தது. இப்போது இங்கிலாந்தில் இருக்கிறது. நல்ல நகலாகத் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். மேலிருந்து முழுச் சதுக்கமும் தெரியும்படி வரைந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான மனிதர்கள். கோச்சு வண்டியில் போகும் சீமான்கள், கூரைத் தட்டியின் கீழே குந்தி உட்கார்ந்து காய்கனி விற்கும் பெண்கள், நீரூற்றில் தண்ணீர் பிடிப்பவர்கள், கால்வாயில் படகுகள். தூரத்தில் எரிமலை. இவ்வளவு அமைதிக்கும் நடுவில் வைஸ்ராய் மாளிகையைக் கவனியுங்கள். அதன் ஒரு பகுதி இடிந்தும் கருகியும் நிற்கிறது. ஆட்சியின் பெருமையைக் காட்ட வரைந்த படம், ஆனால் அந்தக் காயத்தை ஓவியர் மறைக்கவில்லை. பசித்தவர்கள் கொளுத்திய சுவர் பின்னால் நிற்க, அதன் முன்னாலேயே மறுபடி சந்தை கூடிவிட்டது. அந்தச் சதுக்கத்தைப் பற்றி நான் பார்த்ததிலேயே மிக நேர்மையான சாட்சி இந்த ஓவியம்தான்.

அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடம் வேறு. மரக்கடை எரியும், கல் எரியாது. சதுக்கத்தின் தென்மேற்கில் ஒரு பெரிய கல் சந்தையைக் கட்டினார்கள். 1703-ல் முடிந்தது. மணிலாவில் சீன வியாபாரிகள் வசித்த பகுதியின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: பரியான். காரணம் உண்டு. மணிலாவிலிருந்து மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இறங்கிய பட்டும் பீங்கானும் அங்கேதான் விற்பனைக்கு வந்தன. கடை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பெயினில் பிறந்த பெரு வணிகர்கள். காய்கறி விற்ற பெண்கள் இருந்த இடத்தில் கோட்டைபோல ஒரு கட்டடம். நூற்று நாற்பது வருடம் அது அங்கே நின்றது.

1821-ல் நாடு விடுதலை அடைந்தது. 1828 குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறில் வேட்பாளர் விசென்தே கெரேரோவின் ஆதரவாளர்கள் கிளர்ந்தெழ, டிசம்பர் 4-ஆம் தேதி கூட்டம் பரியானுக்குள் புகுந்து சூறையாடியது. பழைய எஜமானர்கள்மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்தக் கடைகளின்மேல் இறங்கியது. பல குடும்பங்கள் அதில் ஒரே நாளில் ஓட்டாண்டியாயின. பரியான் அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1843-ல் சர்வாதிகாரி சாந்தா அன்னா அதை இடித்துத் தள்ள உத்தரவிட்டார். வணிகர்கள் கெஞ்சியும் பயனில்லை.

அவர் எதற்காக இடித்தார்? நடுவில் தன் காலத்தின் நினைவாக விடுதலைத் தூண் ஒன்றை எழுப்ப ஆசைப்பட்டார். போட்டி வைத்தார்கள், லோரென்சோ தே லா இதால்கா என்ற கட்டடக்கலைஞரிடம் வேலை போனது. பீடம் மட்டும் எழும்பியது. அத்தோடு பணமும் போயிற்று, அரசியலும் மாறிப்போயிற்று. தூண் வரவில்லை. ஸ்பானிய மொழியில் அந்தப் பீடத்துக்குப் பெயர்தான் ஸோகலோ. மக்கள் ‘ஸோகலோவில் பார்க்கலாம்’ என்று சொல்லப்போய் முழுச் சதுக்கத்துக்கும் அதுவே பெயரானது, பிறகு மெக்ஸிகோவின் வேறு ஊர்ச் சதுக்கங்களுக்கும் பரவியது. அரசாங்கப் பெயர் இன்றும் அரசியல் சாசனச் சதுக்கம். அதிலும் எந்தச் சாசனம் என்று பார்த்தால் மெக்ஸிகோவினுடையதே அல்ல, 1812-ல் ஸ்பெயினின் காடிஸ் நகரில் இயற்றியது. விடுதலைத் தூண் கடைசியில் 1910-ல் வேறு சாலையில் எழுந்தது. 2017-ல் சதுக்கத்தின் தளத்தைப் புதுப்பித்தபோது, சாந்தா அன்னாவின் பீடம் நின்ற அடித்தளம் மண்ணுக்கடியில் மறுபடி தென்பட்டது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பரியான் நின்ற காலத்திலேயே மீதி வெளியைத் துப்புரவாக்க ஒரு வைஸ்ராய் முனைந்தார். இரண்டாம் ரெவியாஹிஹேதோ பிரபு, 1789-ல் பதவிக்கு வந்தவர். அப்போது சதுக்கத்தில் குப்பைமேடு, கழிவு, ஆடுமாடு, தூக்குமரம் எல்லாம் இருந்தன. ஒழுங்குதான் அவருடைய ஒரே லட்சியம். கடைகளைப் பக்கத்தில் இருந்த வோலதோர் சதுக்கத்துக்கு மாற்றினார். தரையைத் தோண்டிச் சமன் செய்து, வடிகால் போட்டு, கல் பாவச் சொன்னார். 1790 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தோண்டியவர்களின் கருவி ஒரு பெரிய கல்லில் மோதியது. புரட்டிப் பார்த்தால் பாம்புகளால் பின்னிய பாவாடை, மனித இதயங்களும் கைகளும் கோத்த மாலை. கொவாத்லிகுவே என்ற தாய்த் தெய்வம். உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். தேதியைக் கவனித்தீர்களா? நகரம் வீழ்ந்த அதே ஆகஸ்ட் 13. டிசம்பர் 17-ஆம் தேதி இன்னொரு கல்: மூன்றரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டம், நடுவில் நாக்கை நீட்டிய முகம். இன்று மெக்ஸிகோவின் அடையாளமாக உலகம் முழுக்கத் தெரியும் சூரியக் கல். அரசாங்கம் சுத்தமான தரையைத் தேடித் தோண்டியது, இருநூற்று எழுபது வருடமாகக் கீழே கிடந்த நகரம் மேலே வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூரியக் கல்லைச் சதுக்கத்தின் வடக்கே நிற்கும் தேவாலயத்தின் மேற்குக் கோபுரச் சுவரில் பதித்துவைத்தார்கள். கணக்கும் வானியலும் அடங்கிய அறிவுச் சின்னம் என்று அதற்கு மரியாதை. 1885-ல் அருங்காட்சியகத்துக்குப் போகும்வரை அங்கேயே இருந்தது. அன்தோனியோ தே லியோன் இ காமா என்ற அறிஞர் இரண்டு கற்களைப் பற்றியும் ஆராய்ந்து 1792-ல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் கொவாத்லிகுவேயைப் பல்கலைக்கழக முற்றத்தில் வைத்தபோது வேறொன்று நடந்தது. பூர்வகுடி மக்கள் வரத் தொடங்கினார்கள். பேராசிரியர்கள் கண்ணில் படாத நேரம் பார்த்து உள்ளே வந்து பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் போனார்கள். இருநூற்று எழுபது வருடம் ஞானஸ்நானம் கொடுத்து, பிரசங்கம் செய்து, தண்டித்து வளர்த்த மக்கள். செய்தி தெரிந்ததும் அதிகாரிகள் சிலையை அந்த முற்றத்திலேயே மறுபடி புதைத்துவிட்டார்கள். 1803-ல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹம்போல்ட் பார்க்க விரும்பியபோது ஒருமுறை தோண்டிக் காட்டி, அவர் போனதும் திரும்ப மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் அந்த மண் இப்படியே நடந்துகொண்டது. 1978 பிப்ரவரி 21-ஆம் தேதி, சதுக்கத்தின் வடகிழக்கு மூலைக்கு அருகே மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டிய பள்ளத்தில் கொயோல்ஷாவ்கி தேவியின் வட்டக் கல் அகப்பட்டது. அதிலிருந்துதான் தெனோச்தித்லானின் பெரிய கோயிலின் அகழாய்வு தொடங்கியது. வெற்றியாளர்களின் மைதானம் என்று எழுதினீர்களே, அவர்களால் அந்தத் தரையை ஒருநாளும் முழுசாக மூட முடியவில்லை.

வெண்கல ராஜாவின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1796-ல் நான்காம் கார்லோஸ் மன்னரைக் குதிரைமேல் ஏற்றிச் சதுக்கத்தில் முதலில் ஒரு தற்காலிகச் சிலை வைத்தார்கள். மானுவேல் தோல்சா வார்த்த வெண்கலச் சிலை 1803-ல் வந்தது. பதினெட்டே வருடத்தில் விடுதலை. ராஜாவை அங்கே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவ்வளவு நல்ல சிற்பத்தை உருக்கவும் மனசு வரவில்லை. நீலக் கூண்டு ஒன்றால் மூடி மறைத்தார்கள். 1824-ல் பல்கலைக்கழக முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி மரங்கள். 1860களில், மாக்சிமிலியான் பேரரசராக இருந்த காலத்தில் சதுக்கத்தில் தோட்டம் போட்டார்கள். பாதைகள், பெஞ்சுகள், பின்னால் ஒரு இசைக்கூடம். சுற்றிலும் முதலில் கோவேறு கழுதை இழுத்த டிராம், 1900 முதல் மின்சார டிராம். நகரத்தின் எல்லாத் தடங்களும் அங்கே வந்து திரும்பின. நீங்கள் பார்த்த பழைய படம் இந்தக் காலத்தினுடையதாக இருக்கும். அழகாகத்தான் இருந்தது, நிழலும் இருந்தது. ஆனால் அந்த மரங்களின் கீழே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1913 பிப்ரவரி 9-ஆம் தேதி காலை, ஜெனரல் பெர்னார்தோ ரெயேஸ் படையோடு தேசிய மாளிகையைப் பிடிக்க வந்தார். முதல் வேட்டிலேயே விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, 1938 மார்ச்சில், அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கிய குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸைப் பார்க்க அதே இடத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது.

மரங்களை முழுசாக அகற்றியது 1950களின் பிற்பாதியில். எர்னெஸ்தோ உருச்சூர்த்து என்பவர் நகர நிர்வாகி. 1952 முதல் 1966 வரை பதவியில் இருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல. 1928-லிருந்து 1997 வரை அந்த மாநகரத்தின் நிர்வாகிக்குத் தேர்தலே கிடையாது, குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆள்தான். தெருக்கடைகளைப் பிடிக்காத, கண்டிப்பான மனிதர். டிராம் தண்டவாளங்கள் போயின, தோட்டங்கள் போயின. மாளிகையும் தேவாலயமும் மறைப்பில்லாமல் தெரிந்தன. அணிவகுப்புக்கும் அரசு விழாக்களுக்கும் வாகான வெறும் தளம் கிடைத்தது. ஆக, மூன்றாவது கேள்விக்கு என் பதில் உங்கள் சந்தேகத்தை உறுதி செய்வதுதான். அதிகாரம் தனக்காகவே அந்த இடத்தைக் காலி செய்தது.

நீண்ட காலம் அவர்களால் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. 1968 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, அரசின் அடக்குமுறையை எதிர்த்த மாணவர் ஊர்வலம் மானுடவியல் அருங்காட்சியகத்திலிருந்து ஸோகலோவுக்கு வந்தது. இலட்சக்கணக்கானவர்கள். அணிவகுப்புக்காகத் துடைத்து வைத்த தளத்தில் இத்தனை பேர் நிற்க இடம் இருந்தது! தேவாலய மணிகளை ஒலித்தார்கள். கொடிக்கம்பத்தில் சிவப்பும் கறுப்புமான வேலைநிறுத்தக் கொடியை ஏற்றினார்கள். அரசு தங்களோடு இதே இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காகக் கொஞ்சம் பேர் அங்கேயே தங்கினார்கள். நள்ளிரவு தாண்டியதும் தேசிய மாளிகையின் கதவுகள் திறந்தன, கவச வண்டிகள் வெளியே வந்து அவர்களைத் துரத்தின.

மறுநாள் நடந்ததை நான் எப்போது படித்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. தேசியக் கொடிக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்க என்று அரசு ஊழியர்களை அலுவலகங்களிலிருந்து கூட்டமாகக் கொண்டுவந்து சதுக்கத்தில் நிறுத்தினார்கள். வேலை போய்விடும் என்று பயந்து வந்தவர்கள் அவர்கள். வந்து நின்றவர்கள் ஆடுபோலக் கத்தத் தொடங்கினார்கள். ‘நாங்கள் செம்மறிகள், ஓட்டி வந்தார்கள்’ என்று கோஷம் போட்டார்கள். அரசாங்கம் தன் சொந்தச் சதுக்கத்தில், தன் சொந்த ஊழியர்களால் தோற்ற நாள் அது. படை வந்து அவர்களையும் கலைத்தது. செப்டம்பர் 13-ஆம் தேதி மாணவர்கள் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மௌனமாக மறுபடி ஸோகலோவுக்கு நடந்தார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி த்லதெலோல்கோவில், வேறொரு சதுக்கத்தில், அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து ஒலிம்பிக் தொடங்கியது. அதற்கப்புறம் பல வருடங்கள் எதிர்ப்பு ஊர்வலங்களை ஸோகலோவுக்குள் விடவில்லை. அந்த வெற்றிடத்தின் பலம் என்ன என்பது ஆண்டவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அதன் பிறகு அந்த இடம் ஒவ்வொரு தலைமுறையாலும் மீண்டும் மீண்டும் மீட்கப்பட்டிருக்கிறது. 2001-ல் தெற்கே சியாபாஸ் காடுகளிலிருந்து சபதிஸ்தாக்கள் என்ற பூர்வகுடிக் கிளர்ச்சியாளர்கள் வந்து அங்கே பேசினார்கள். 2006-ல் தேர்தல் முடிவை ஏற்காதவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 15 இரவு, மாளிகை மாடத்தில் மணியடித்து விடுதலை முழக்கம் எழுப்ப வேண்டிய குடியரசுத் தலைவர் வேறு ஊருக்குப் போய் அதைச் செய்தார். 2021 மார்ச்சில் பெண்கள் தின ஊர்வலத்துக்கு முன்னால் மாளிகையைச் சுற்றி இரும்புத் தடுப்பு வைத்தார்கள். பெண்கள் அந்தத் தடுப்பின்மேலேயே, கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதி, பூ வைத்து, அதை நினைவுச் சுவராக மாற்றினார்கள்.

இதற்கு நடுவில் அன்றாட ஸோகலோ ஒன்று உண்டு. அதை நீங்கள் பார்த்த படங்களில், குறிப்பாக மேலிருந்து எடுத்த படங்களில், காண முடியாது. தேவாலயத்தின் வேலியோரமாக ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கருவிப் பெட்டி, சாய்த்து வைத்த ஒரு அட்டை. அட்டையில் கையெழுத்தில் குழாய் வேலை, மின்சார வேலை, சுண்ணாம்பு வேலை என்று எழுதியிருக்கும். யாராவது வந்து கூப்பிடும்வரை காத்திருக்கிறார்கள். அப்புறம் உங்களுடைய நிழல் பிரச்சினை. வெயில் நேரத்தில் அந்தக் கொடிக்கம்பத்தின் நிழல் தரையில் ஒரு நீண்ட பட்டையாக விழும். மக்கள் அதற்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகரும்போது வரிசையும் கூடவே மெல்ல நகரும்.

இதைப் படித்துவிட்டு ‘அதனால்தான் மரம் வேண்டும்’ என்று நீங்கள் சொல்லலாம். சரி, நிழல் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நடுவில் வேண்டாம். ஒரு மரம் வைத்தால் அதைச் சுற்றி ஒரு பாத்தி வரும், பாத்திக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு காவலாளி. கூட்டம் கூடக் கேட்டால் ‘செடிகள் பாழாகிவிடும்’ என்று ஒரு காரணம் கையில் தயாராக இருக்கும். சதுக்கங்களைப் பூங்கா ஆக்கிக் கூட்டத்தைத் தவிர்ப்பது உலகத்தில் பல அரசுகள் கையாண்ட வழி. போதாததற்கு ஸோகலோவின் கீழே மெட்ரோ ஓடுகிறது, அதற்கும் கீழே ஏரிக் களிமண். அந்த நகரம் தன் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிச் சில இடங்களில் பத்து மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. எங்கே குழி வெட்டினாலும் தெனோச்தித்லான் வரும், தொல்லியலாளர்கள் பக்கத்தில் நின்றால்தான் மண்வெட்டியே எடுக்க முடியும்.

ஓரங்கள் வேறு விஷயம். மேற்குப் பக்கத்தின் பழைய வணிகர் தாழ்வாரம் இன்றும் நல்ல நிழல் தருகிறது. 1573-ன் ஆணை போட்டவர்கள் தாழ்வாரத்தைக் கட்டாயமாக்கியது வீண் இல்லை. கிழக்கே, மாளிகையின் நீண்ட சுவரோரம் அப்படி எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக வைத்திருக்கிறார்கள். வேலை தேடி உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குமேலும் ஒரு கூரை இல்லை. நான் வாதாடுவதானால் இந்த இரண்டு ஓரங்களுக்காக வாதாடுவேன்.

உங்கள் இலக்கணத்தில் பெஞ்சு, மரம், நீரூற்று எல்லாம் இருக்கட்டும். தினசரி வாழ்க்கைக்கு அவை தேவை, பெரும்பாலான சதுக்கங்களுக்கு அவையே போதும். நாட்டின் அதிகார மாளிகைக்கு நேர் எதிரே இருக்கும் சதுக்கத்துக்கு மட்டும் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அங்கே எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியும், அவர்களுக்கும் மாளிகைக் கதவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது. இதை வைத்து உங்கள் பாடத்தில் வரும் மற்ற தலைநகரங்களின் வரைபடங்களையும் அளந்து பாருங்கள். எங்கெல்லாம் அண்மைக் காலத்தில் பூந்தொட்டிகளும் தடுப்புகளும் கூடியிருக்கின்றன என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள். அடுத்த கட்டுரைக்கு எனக்கு அது உதவும்.

அன்புடன்.